கேலாங் மொரேவியர் மிஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேலாங் எங்கே இருக்கிறது? அங்கே மிஷன் எந்தக் காலத்தில் நடந்தது?

இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், பாகா ஆற்றின் வலக்கரைச் சரிவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,080 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கேலாங். ஊருக்குக் கீழே தாண்டி என்ற இடத்தில் பாகாவும் சந்திராவும் கூடி, பிறகு செனாப் என்று பெயர் மாறுகின்றன. மிஷன் 1856இல் தொடங்கி 1940இல் மூடப்பட்டது. கிளை நிலையங்களும் இருந்தன: கின்னௌரில் பூ என்ற ஊர் (1865 முதல் 1924 வரை), லடாக்கில் லே (1885 முதல்), கலட்சே (1899 முதல்). லேயில் இருக்கும் சபை இன்றும் நடக்கிறது.

மொரேவியர் என்றால் யார்? கத்தோலிக்கரா, லுத்தரன்களா?

இரண்டுமில்லை. இன்றைய செக் நாட்டில் யான் ஹுஸ் தொடங்கிவைத்த சீர்திருத்த மரபில் வந்தவர்கள். சொந்த ஊரில் துன்புறுத்தல் தாங்காமல் 1722இல் ஜெர்மனியின் சாக்சனிக்கு ஓடிவந்தார்கள். சின்சென்டார்ஃப் என்ற பிரபு தன் நிலத்தில் இடம் கொடுக்க, அங்கே ஹெர்ன்ஹூட் என்ற ஊர் எழும்பியது. சபை சிறியதுதான், ஆனால் 1732 முதலே கரீபியன், கிரீன்லாந்து, சூரினாம் என்று பிறர் அதிகம் போகாத இடங்களுக்கு ஆள் அனுப்பியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவர்கள் பெரும்பாலும் கைத்தொழில்காரர்கள்: தச்சர், தகரவேலைக்காரர், நெசவாளர், விவசாயி. போன இடத்தில் கைத்தொழில் செய்து தங்களைத் தாங்களே தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சபையின் வழக்கம். கேலாங்கில் பிற்பாடு நிலைத்து நின்றவை எல்லாம் பிரசங்கத்தைவிடக் கைவேலையின் விளைவுதான்.

தமிழ்நாட்டுக்கு மொரேவியர் வந்ததுண்டா?

வந்தார்கள். 1760இல், லாஹௌலுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, தரங்கம்பாடியில் இறங்கி, பொறையாறு அருகே ‘சகோதரர் தோட்டம்’ என்ற குடியிருப்பை அமைத்தார்கள். டேனியர்கள் குறிவைத்திருந்த நிக்கோபார் தீவுகள்தான் அவர்கள் இலக்கு. 1768இல் அங்கே போனவர்களைக் காய்ச்சல் வரிசையாகக் கொண்டுபோனது. 1787இல் நிக்கோபாரை விட்டுவிட்டார்கள். சீகன்பால்கு காலம் தொட்டே தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் மிஷனரிகளுக்கும் இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. 1800களின் தொடக்கத்தில் தரங்கம்பாடியிலிருந்தும் கிளம்பிவிட்டார்கள். எனவே லாஹௌல், இந்தியாவில் அவர்களுக்கு இரண்டாவது முயற்சி.

மங்கோலியாவுக்குப் புறப்பட்டவர்கள் லாஹௌலில் எப்படி நின்றார்கள்?

வழி கிடைக்காததால்தான். சீனாவில் இருந்த மிஷனரி கார்ல் கூட்ஸ்லாஃப் 1850 வாக்கில் ஐரோப்பா வந்து, மங்கோலியருக்கு ஆள் அனுப்புங்கள் என்று வேண்டினார். ஹெர்ன்ஹூட் இருவரைத் தேர்ந்தெடுத்தது: தகரவேலைக்காரரான ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹைடே, அவரைவிட ஐந்து வயது மூத்த எட்வர்ட் பாகல். மங்கோலிய மொழியும் கொஞ்சம் வைத்தியமும் படித்தார்கள். நேர்வழி ரஷ்யா வழியாக. ரஷ்யா அனுமதி தரவில்லை. ஆகவே இந்தியா வழியாக, இமயமலையைத் தாண்டி, திபெத்துக்குள் போய், அங்கிருந்து மங்கோலியா என்று திட்டம் மாறியது.

1853 நவம்பரில் கல்கத்தா வந்திறங்கினார்கள். அந்த ஆண்டுதான் பம்பாய்க்கும் தானாவுக்கும் இடையே 34 கி.மீ. ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. வடக்கே போக ரயில் என்ற பேச்சே இல்லை. சிம்லாவுக்கு அப்பால் கோட்கட் என்ற ஊரில் இருந்த ஆங்கிலேய மிஷனில் தங்கி மொழி பழகினார்கள். 1855இல் லடாக் வரை போனார்கள். திபெத் எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். படித்த மங்கோலிய மொழிக்கு வேலையே வரவில்லை.

அப்படியானால் கேலாங்கைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

லடாக் காஷ்மீர் மகாராஜாவின் நிலம், அங்கே குடியேற அனுமதி இல்லை. லாஹௌலோ 1846 முதல் ஆங்கிலேயர் கையில். திபெத்திய எழுத்தும் பௌத்தமும் புழங்கும் இடங்களில் அவர்களுக்குத் திறந்திருந்த கதவு அது. போதாததற்கு, குல்லுவிலிருந்து லேவுக்குப் போகும் வணிகப் பாதை கேலாங் வழியாகப் போனது. திபெத்துக்குள் நாம் போக முடியாவிட்டாலும், அச்சிட்ட தாள் வியாபாரியின் மூட்டையில் போகும் என்பது கணக்கு.

குளிர்காலம் எப்படி இருந்தது? வெளியே வரவே முடியாதா?

கேலாங்கின் கதை முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

லாஹௌலுக்குத் தெற்கு வாசல் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாய். நவம்பரில் பனி மூடினால் ஏப்ரல், மே வரை திறக்காது. நடுவில் கடந்தவர்கள் உண்டு. அஞ்சல் ஓட்டக்காரர்களும் உயிரைப் பணயம் வைத்துப் போய்வந்தார்கள். கணவாயைக் கடக்க ஒரே விதி: இருட்டோடு கிளம்பி, நண்பகலுக்கு முன் உச்சியைத் தாண்டிவிட வேண்டும். பிற்பகலில் காற்று கிளம்பும், வெயிலில் இளகிய பனியில் கால் புதையும், சரிவுகளில் பனி உருளத் தொடங்கும்.

பள்ளத்தாக்கின் வீடுகள் கல்லும் பச்சைச் செங்கல்லும். கூரை தட்டை: மரச்சட்டங்கள், அதன்மேல் வில்லோ மிலாறு, பூர்ஜ மரப்பட்டை, கடைசியில் மிதித்து இறுக்கிய மண். லாஹௌலில் மழை மிகக் குறைவு என்பதால் இந்தக் கூரை தாங்கும். பனிதான் சிக்கல். ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் கூரையில் ஏறி மரத் துடுப்பால் தள்ளிவிட வேண்டும். தள்ளாமல் விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: பாரம் தாங்காமல் சட்டம் வளையும், அல்லது வெயில் வந்ததும் உருகிய நீர் மண்ணுக்குள் இறங்கி வீட்டுக்குள் சொட்டும். இரண்டாவதுதான் அடிக்கடி.

விறகு அதைவிடப் பெரிய பிரச்சினை. காடு குறைந்த பள்ளத்தாக்கு. சாண வறட்டி, ஜூனிபர் கட்டை, வில்லோக் கிளை இவைதான் எரிபொருள். வீட்டு நடுவில் மூட்டிய அடுப்பில் வெப்பம் போலவே புகையும் தங்கும். கண்நோய் பரவலாக இருந்தது. தகட்டில் செய்த, புகைக்குழாய் வைத்த அடுப்பு லாஹௌலுக்கு வந்ததை மிஷனோடு சேர்த்துச் சொல்வது உள்ளூர் வழக்கு. மிஷனின் தலைவர் தகரவேலைக்காரர் என்பதை நினைத்தால் வியப்பில்லை.

வசதியுள்ள லாஹௌலிகள் சிலர் குளிருக்குக் குல்லு பக்கம் இறங்கிவிடுவார்கள். மிஷன் குடும்பங்கள் இறங்கவில்லை. வயலில் வேலை இல்லை, பாதையில் போக்குவரத்து இல்லை, ஊரார் எல்லோரும் வீட்டில். பள்ளி, பின்னல், அச்சு, அகராதி எல்லாவற்றுக்கும் நேரம் கிடைத்தது இந்த ஐந்தாறு மாதங்களில்தான்.

என்ன சாப்பிட்டார்கள்?

ஊரார் சாப்பிட்டதையே: பார்லி, பக்வீட் மாவு ரொட்டி, வறுத்தரைத்த பார்லி மாவான சத்து (திபெத்தியரின் சம்பா), வெண்ணெய், ஆட்டிறைச்சி. கூடவே தோட்டக் காய்கறி. ஹைடே தரிசுச் சரிவை வாங்கி, மேலேயிருந்து வாய்க்கால் வெட்டி நீர் கொண்டுவந்து பண்ணையாக்கினார். லாஹௌலில் பாசனம் இல்லாமல் எதுவும் விளையாது. பனி உருகிய நீரை மலை விளிம்போடு கொண்டுவரும் ‘கூல்’ என்ற சிறு வாய்க்கால்தான் அங்கே உயிர்நாடி. வாய்க்காலின் சரிவு கொஞ்சம் கூடினால் கரையை அரிக்கும், குறைந்தால் வண்டல் தங்கி அடைக்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் பனிச்சரிவு உடைத்த இடங்களைக் கட்டின பிறகே விதைக்கலாம்.

லாஹௌலுக்கு உருளைக்கிழங்கு கொண்டுவந்தது மிஷனரிகள்தானா?

ஆம், ஹைடே பயிரிட்டதிலிருந்து தொடங்குகிறது. ஆனால் இன்றைய லாஹௌலின் உருளைப் பொருளாதாரத்தை அவர் கணக்கில் எழுதுவது மிகை. அவர் காலத்தில் அது வீட்டுத் தோட்டப் பயிர். விதை உருளை வியாபாரமாக வளர்ந்தது 1966இல் லாஹௌல் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்த பிறகு, லாரி ஏறும் சாலை வந்த பிறகு.

விதைக்கு லாஹௌல் ஏன் என்றால்: உருளையின் வைரஸ் நோய்களைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அசுவினிப் பூச்சி. குளிரும் வறட்சியும் உள்ள உயரத்தில் அது குறைவு. ஆகவே கிழங்கு சுத்தமாக இருக்கும். சமவெளியில் அதே விதையைத் திரும்பத் திரும்ப நட்டால் சில பருவங்களில் இலை சுருண்டு விளைச்சல் விழும். அப்போது மலையிலிருந்து புது விதை வேண்டும். ஏப்ரல் கடைசி, மே மாதம் நட்டு, செப்டம்பரில் தோண்டுவார்கள். வீட்டுக்கு வைத்துக்கொள்வதை மண்ணுக்குள் ஆழக் குழி வெட்டிப் புதைப்பார்கள். குழி ஆழம் போதாமல் கிழங்கு உறைந்தால், உருகும்போது கூழாகிவிடும். வசந்தத்தில் நடுவதற்கு விதையே இருக்காது.

லாஹௌல் காலுறைகளுக்கும் மிஷனுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. 1859இல் மிஷனரிகளுக்கு மணமகள்களாக மூன்று பெண்கள் கேலாங் வந்தார்கள். ஹைடேயை மணந்தவர் மரியா ஹார்ட்மன். சூரினாமில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லாஹௌலில் ஆட்டுரோமமும் தக்ளியில் நூற்பதும் ஏற்கனவே இருந்தன, நெசவும் இருந்தது. ஊசியால் பின்னுவது இல்லை. மரியா குளிர்காலத்தில் பெண்களைக் கூட்டிப் பின்னல் கற்றுக்கொடுத்தார். லாஹௌலில் ஆண்கள் வியாபாரத்துக்குப் போய்விட, வயல்வேலை பெண்கள் தலையில். கோடையில் பள்ளிக்கு வா என்றால் ஒருத்தியும் வரமாட்டாள். பனி விழுந்தால் வருவாள்.

காலுறை பின்னுவதில் எளிதான பகுதி குழாய். ஒரு வளையமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போகலாம். கடினம் குதிகால். அங்கே பாதிக் கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னும் பின்னி ஒரு பை எடுத்து, பிறகு ஓரக் கண்ணிகளைப் பொறுக்கி மறுபடி வட்டத்தில் சேர்க்க வேண்டும். ஒரு கண்ணி தவறினாலும் அங்கே ஓட்டை. தேய்வதும் முதலில் அங்கேதான். நூலின் முறுக்கு குறைந்தால் ஒரு குளிர்காலம் தாங்காது. இதையெல்லாம் ஒரு தலைமுறைப் பெண்கள் கற்று, தங்கள் கம்பளங்களில் இருந்த கோலங்களையும் நிறங்களையும் அதில் இறக்கினார்கள். நுட்பம் ஜெர்மானியம், வடிவம் லாஹௌலுடையது. 2021இல் லாஹௌல் கைப்பின்னல் காலுறை, கையுறைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரியா கற்பித்தது தேவாலயத்தில் தங்கவில்லை, சந்தையில் தங்கியது.

மலை உச்சியில் அச்சகம் எப்படி நடத்தினார்கள்?

கல் அச்சு. ஈய எழுத்து அச்சு திபெத்திய மொழிக்கு ஒத்துவராது என்பதல்ல, செலவு. திபெத்திய எழுத்தில் மெய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும், ஒவ்வொரு அடுக்குக்கும் தனி அச்சு வார்க்க வேண்டும். கல் அச்சில் நல்ல கையெழுத்துக்காரர் ஒருவர் போதும்.

வேலை இப்படி: வழுவழுப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு கலந்த மையால் எழுத்து ஏற வேண்டும். கல்லிலேயே எழுதினால் தலைகீழ்ப் பிம்பமாக, வலமிருந்து இடமாக எழுத வேண்டியிருக்கும். அதற்குப் பதில் பசை பூசிய தாளில் நேராக எழுதி, ஈரப்படுத்தி, கல்லில் அழுத்தி மாற்றலாம். பிறகு மெல்லிய அமிலமும் கோந்தும் தடவினால் எழுதாத இடம் நீரைப் பிடிக்கும், எழுதிய இடம் எண்ணெயைப் பிடிக்கும். ஈரத் துணியால் துடை, மை உருளையை ஓட்டு, தாளை வை, அழுத்து. ஒவ்வொரு தாளுக்கும் இதே சுற்று. ஈரம் குறைந்தால் வெற்றிடத்தில் மை ஒட்டிக் கறுக்கும். கூடினால் எழுத்து வெளிறும். குளிரில் மை இறுகி உருளையில் பரவாது, துடைக்கும் நீர் உறையும். அறையை விறகு செலவழித்துச் சூடாக வைத்தே அச்சடிக்க வேண்டும். துண்டுப் பிரசுரம், பள்ளிப் புத்தகம், பைபிள் பகுதிகள் எல்லாம் இப்படி வந்தவை.

லேயில் மொரேவிய மிஷனரி ஏ. எச். பிராங்கே 1904இல் தொடங்கிய ‘லடாக் அக்பார்’ மாத இதழும் கல் அச்சுதான். திபெத்திய மொழியின் மிகப் பழைய செய்தித்தாள்களில் ஒன்று. பிற்காலத்தில் கேலாங்கிலும் அத்தகைய ஒரு செய்தித்தாள் மிஷனரி வால்டர் ஆஸ்போ பொறுப்பில் வந்தது.

யெஷ்கேயின் அகராதி ஏன் இன்றும் பேசப்படுகிறது?

ஹைன்ரிக் ஆகஸ்ட் யெஷ்கே மொழி அறிஞர். மற்றவர்கள் மொழி தடுமாறுவதைப் பார்த்துச் சபை 1857இல் அவரை அனுப்பியது. லேயை அடுத்த ஸ்தோக் கிராமத்தில் தங்கிப் பேச்சு மொழியைப் பிடித்தார், பிறகு கேலாங் குளிரில் நூல் மொழி. உடல்நலம் கெட்டு 1868இல் திரும்பினார். அவருடைய திபெத்திய–ஆங்கில அகராதி 1881இல் லண்டனில் வெளிவந்தது; திபெத்தியம் படிப்பவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

அதன் பலம், சொல் எந்த நூலில் வருகிறது, எந்த வட்டாரத்தில் புழங்குகிறது என்று பிரித்துச் சொல்வது. எட்டு என்ற எண்ணைத் திபெத்தியத்தில் ப், ர், க், ய், த் என்று ஐந்து மெய்களோடு எழுதுகிறார்கள். லாசாவில் பெரும்பாலானவை வாய்க்கு வருவதில்லை. மேற்கே போகப் போக, லடாக், பல்திஸ்தான் பக்கம், எழுத்தில் உள்ள மெய்கள் கூடுதலாகக் கேட்கும். உச்சரிப்பு எப்படித் தேய்ந்தது என்பதை வட்டார வாரியாக அடுக்கிக் காட்டினார் யெஷ்கே. திபெத்திய உலகின் மேற்கு ஓரத்தில் உட்கார்ந்ததே அவருக்கு அனுகூலம்.

பைபிளுக்கு எந்த மொழி என்பது அடுத்த தகராறு. நமக்குப் புரியக்கூடிய தகராறு: செந்தமிழா, பேச்சுத்தமிழா? யெஷ்கே எல்லாத் திபெத்தியரும் படிக்கக்கூடிய நூல் மொழியின் பக்கம் சாய்ந்தார். பிராங்கே பிற்பாடு லடாக்கிப் பேச்சை எழுத்தில் கொண்டுவர முயன்றபோது, சாத்திர மொழியைக் கெடுக்கிறார் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கடவுளுக்கு ‘கொன்சோக்’ என்ற சொல்லை எடுத்தார்கள். பௌத்தர்களுக்கு அது புத்தர், தர்மம், சங்கம் என்ற மும்மணிகளைக் குறிக்கும் சொல். கேட்டவருக்கு எது மனதில் வந்திருக்கும் என்று யோசித்தால் சிக்கல் புரியும்.

புதிய ஏற்பாடு 1885இல் வந்தது. முழு பைபிள் 1948இல் லாகூரில். அதற்காகப் பல பத்தாண்டு உழைத்த லடாக்கி அறிஞர் யோசேப் கெர்கன் 1946இலேயே இறந்துவிட்டார்.

எத்தனை பேர் மதம் மாறினார்கள்?

கேலாங்கில் மிகச் சிலர். முதல் ஞானஸ்நானம் 1865இல், மிஷன் தொடங்கி ஒன்பது ஆண்டு கழித்து. பெற்றவர்களும் லாஹௌலிகள் அல்லர். லடாக்கிலிருந்து வந்து குடியேறிய தந்தையும் மகனும். பிறகு சேர்ந்தவர்களிலும் இப்படி வெளியிலிருந்து வந்தவர்களே அதிகம்.

காரணம் தெளிவு. லாஹௌலில் நிலமும் நீரும் வீட்டுக்கும் ஊருக்கும் பொது. வாய்க்கால் முறை, அறுவடை உதவி, சாவுக்குத் தோள் கொடுப்பது எல்லாம் ஊர் ஒழுங்கில் நடக்கும். மதம் மாறியவன் சடங்கிலிருந்து விலகினால் அந்த ஒழுங்கிலிருந்தும் விலகுகிறான். நிலமில்லாத அகதிக்கு இழக்க அது இல்லை. உள்ளூர்த் தலைவர்களான தாக்கூர் குடும்பங்களுக்கும் மிஷனுக்கும் உறவு இழுபறி. பள்ளியை வேண்டினார்கள், தேவாலயத்தை வேண்டவில்லை. லாமாக்களோடு பகை என்று சொல்ல முடியாது. மொழி கற்க மிஷனரிகள் அவர்களிடம்தான் போனார்கள்.

மிஷனரிகளின் பிள்ளைகள் அங்கேயே வளர்ந்தார்களா?

உயிர் பிழைத்தவர்கள் ஏழு வயதை ஒட்டி ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார்கள், சாக்சனியின் கிளைன்வெல்கா என்ற ஊரில் சபை நடத்திய விடுதிப் பள்ளிக்கு. பிரிவு பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டு. சில சமயம் நிரந்தரம். ஹைடே தம்பதி ஏறத்தாழ 40 ஆண்டு கேலாங்கில் இருந்து, 1898இல்தான் இறங்கினார்கள். அதுவும் நேராக ஊருக்கு அல்ல. டார்ஜிலிங் பக்கம் கூம் என்ற இடத்தில் புதிய ஏற்பாட்டைத் திருத்தும் வேலைக்கு. ஜெர்மனி திரும்பியது 1903இல். பூ நிலையத்தில் இருந்த பாகல் தம்பதி 1883 ஜனவரியில், சில நாள் இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். கணவாய் மூடியிருந்த மாதம்.

லேயில் கார்ல் மார்க்ஸ் வைத்தியம் பார்த்தாரா?

பார்த்தார். ஆனால் அவர் வேறு. டாக்டர் கார்ல் மார்க்ஸ் மொரேவிய மிஷன் மருத்துவர். 1880களின் பிற்பகுதியில் லேயில் மருத்துவமனையை நடத்தினார், லடாக்கின் பழைய வரலாற்று ஏடுகளையும் மொழிபெயர்த்தார். 1891இல் தொற்றுக்காய்ச்சலில் அவரும், லே நிலையத்தைத் தொடங்கிய ரெட்ஸ்லோபும் இறந்தார்கள்.

மிஷன் ஏன் மூடப்பட்டது?

ஒரே காரணம் இல்லை. 1914இல் போர் வந்ததும் ஜெர்மானியர் எதிரிநாட்டவர் ஆனார்கள். பிராங்கேயும் பிடித்துவைக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். பொறுப்பு ஆங்கிலேய மொரேவியர் கைக்கு வந்தது, ஆளும் பணமும் குறைந்தன. சபை வளர்ந்தது லேயில், கேலாங்கில் அல்ல. இருக்கிறதை லேயில் குவிப்பது என்று முடிவாகி, 1924இல் பூ, 1940இல் கேலாங் மூடின. அங்கிருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் சிதறின.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்? எப்படிப் போவது?

மணாலியிலிருந்து 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கம் வழியாக. 2020 அக்டோபர் 3 அன்று திறந்தது. ரோதாங் ஏறாமலே, சுமார் 70 கி.மீ. பயணத்தில் கேலாங் வந்துவிடும். குளிர்காலத்திலும் பேருந்து போகிறது, பெரும்பனிக்குப் பிறகு சில நாள் அடைபடும். டிசம்பர் முதல் மார்ச் வரை போகிறவர்கள் திரும்பும் தேதியை இரண்டு மூன்று நாள் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது.

கேலாங்கில் தேவாலயத்தைத் தேடாதீர்கள். கடைவீதியில் காலுறை விற்கும் பெண்களிடம் நில்லுங்கள். ஆலை நூலில் இயந்திரம் பின்னியதும் அதே கடையில் தொங்கும். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், நிறம் மாறும் இடங்களில் நூல் கையால் முடியப்பட்டிருந்தால் கைப்பின்னல். ஆற்றுக்கு எதிர்க்கரையில் கர்தங் மடம், ஊருக்கு மேலே ஷாஷுர் மடம் இரண்டும் நடந்து போகும் தூரம், ஆனால் ஏற்றம்.

மிஷனின் தொடர்ச்சியைப் பார்க்க லேவுக்குப் போக வேண்டும். சர்ச்சும் மொரேவியன் மிஷன் பள்ளியும் அங்கே நடக்கின்றன. மாணவர்களில் பெரும்பாலோர் பௌத்தர்களும் முஸ்லிம்களும். விமானத்தில் நேராக லேயில் (3,500 மீட்டர்) இறங்குபவர்கள் முதல் இரண்டு நாள் படியேறுவதைக்கூடக் குறைத்துக்கொள்ளுங்கள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் மாத்திரை போட்டுப் படுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.